இரண்டு கார்புரேட்டர், ஒரு மூச்சு

என் மாமனார் சாகும்போது ஒரு காரை இரண்டாகப் பிளந்துவிட்டுப் போனார். ரம்பத்தால் அல்ல, வாயால். "வண்டி பிள்ளைங்க ரெண்டு பேருக்கும் ஆளுக்குப் பாதி" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடியவர், இன்னொரு முறை திறந்தார். எந்தப் பாதி யாருக்கு என்று சொல்லப்போகிறார் என எல்லோரும் குனிந்தோம். "ஆயிலைப் பார்த்துக்கோங்க" என்றார். அதோடு முடிந்தது.

பிள்ளைகள் இருவர். மூத்தவர் என் மச்சான். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்து ஊரில் பாதிப் பேருக்கு உலகத்தைத் தெளிவாகக் காட்டியவர். இளையவள் என் மனைவி. ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து டாக்டராக இருந்து மீதிப் பேரைத் தூங்கவைத்தவள். தூங்கவைத்த ஒருவரையும் எழுப்பாமல் விட்டதில்லை என்பதில் அவளுக்கு அடக்கமான கர்வம் உண்டு. நான் பூகோள வாத்தியார். பூமி சுற்றுகிறது என்று ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொடுத்தேனே தவிர, என் கையால் எதையும் சுற்றவைத்தது கிடையாது.

கார், பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். பாசிப்பச்சை நிறம், இரண்டே சீட். மேலே ஒரு துணிக்கூரை உண்டு. மழையில் உள்ளே வந்த தண்ணீர் வெளியே போய்விடாமல் அது பார்த்துக்கொள்ளும். தரையோடு தரையாக அவ்வளவு தாழ்வான வண்டி. சிக்னலில் நின்றால் தெருநாய்கள் எங்களை நேருக்கு நேர் பார்த்து விசாரிக்கும். எங்கே நின்றாலும் ஒரு சொட்டு எண்ணெய் வைத்துவிட்டுத்தான் கிளம்பும், வந்துபோனதற்குக் கையெழுத்துப் போடுவது மாதிரி. சொட்டு விழாத அன்றைக்குத்தான் பயப்பட வேண்டும் என்பார் மாமனார். உள்ளே எண்ணெயே இல்லை என்று அர்த்தம்.

சட்டப்படி மச்சானுக்குப் பாதி என்றாலும், ஸ்டியரிங் இருந்தது என் மனைவியின் பாதியில். அவள்தான் ஓட்டினாள். ஆஸ்பத்திரிக்கு, கடைத்தெருவுக்கு, மாமனார் இருந்தபோது எங்கள் கல்யாணத்துக்கும்கூட. மாப்பிள்ளையான நான் பக்கத்து சீட்டில் மாலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து வந்தேன். ஒரு நாள் பாலத்தின் நடுவில் எஞ்சினுக்குள் 'ணங்' என்று ஒரு சத்தம் கேட்டது. வயசுதான் காரணம். பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. தள்ளிக்கொண்டு வந்து ஷெட்டில் விட்டோம். அப்புறம் பார்க்கலாம் என்றோம். அப்புறம் என்பது எங்கள் வீட்டில் பல வருஷம் குடியிருந்தது. ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு சிலந்தி வலை கட்டிக்கொண்டு, வண்டியில் மூன்றாவது பங்குதாரர் ஆகிவிட்டது.

இப்படி இருக்கும்போது மச்சான் ஒரு நாள் எங்கள் சமையலறைச் சுவரில் எழுத்துப் பலகையை மாட்டித் தங்கையின் கண்ணைச் சோதித்தார். எழுபதைத் தாண்டிய என் மனைவி அவருக்கு இன்னும் பாப்பாதான்.

"கடைசி வரியைப் படி, பாப்பா."

அவள் தயங்காமல் படித்தாள்.

மச்சான் அவள் மூக்கில் மாட்டியிருந்த சோதனைக் கண்ணாடிச் சட்டத்தை மெல்லக் கழற்றினார். "அது எழுத்து இல்லம்மா, நம்பர்."

அவள் கண்ணைச் சுருக்கி இன்னொரு முறை பார்த்தாள்.

"அடுத்த தடவை லைசென்ஸ் புதுப்பிக்கப் போனா பாஸ் பண்ண மாட்டே" என்றார் அவர். "இந்தக் கண்ணுக்குக் கண்ணாடி கிடையாது. பின்னால இருக்கிற நரம்பு தேய்ஞ்சுக்கிட்டே வருது."

"இப்ப இருக்கிற லைசென்ஸ் என் பிறந்தநாளோட முடியுது. அதுவரைக்கும்?"

"பகல்ல, தெரிஞ்ச ரோட்டுல, மெதுவா போறதுக்குப் பார்வை இருக்கு. அதுக்கு மேல நான் பொறுப்பு இல்ல."

"போதும்." அவள் எழுந்து சுவரிலிருந்த பலகையைக் கழற்றிச் சுருட்டி அண்ணனிடம் கொடுத்தாள். "அப்பா வண்டியைத் தண்ணித்தொட்டி மேட்டுக்கு ஒரே ஒரு தடவை நான் ஓட்டிட்டுப் போகணும். பிறந்தநாளுக்குள்ள. அப்புறம் சாவியை யார் வேணா வெச்சுக்கோங்க."

அவள் உள்ளே போனதும் மச்சான் ஷெட் பக்கம் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"எஞ்சினைப் பிரிப்போம், மாப்ள."

"உங்களுக்குத் தெரியுமா, மச்சான்?"

"தெரியாது. உங்களுக்கு?"

"தெரியாது."

"அப்ப சண்டை வராது."

வந்தது. எஞ்சினில் நான்கு சிலிண்டர், ஒரே வரிசையில். மச்சான் சாக்குக்கட்டியால் நட்டநடுவே கோடு போட்டார். முன்னால் உள்ள இரண்டும் என் மனைவியின் பங்கு, அவள் சார்பில் என் பொறுப்பு. பின்னால் உள்ள இரண்டும் அவருடையது. கார்புரேட்டரும் இரண்டுதான், முன் ஜோடிக்கு ஒன்று காற்றும் பெட்ரோலும் கலந்து ஊட்டும், பின் ஜோடிக்கு இன்னொன்று. இதைச் செய்தவனுக்கு எங்கள் குடும்பத்தைப் பற்றி முன்கூட்டியே தகவல் போயிருக்க வேண்டும்.

சிலந்தியை ஒரு தினசரித்தாளில் ஏந்தி, மரியாதையாக ஜன்னல் மூலைக்கு மாற்றினோம். பிறகு ஸ்பேனர். கடையில் கிடைக்கும் எந்த ஸ்பேனரும் இந்த வண்டிக்குச் சேராது. பழைய பிரிட்டிஷ் அளவு. ஒன்று சின்னதாக இருக்கும், அடுத்தது வழுக்கும். மாமனாரின் டிரங்குப் பெட்டியில் எண்ணெய்த் துணி சுற்றிய ஒரு செட் கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு முதல் போல்ட்டைத் திருப்பினோம். திரும்பிவிட்டது! இரண்டு பேரும் அன்றைக்கு அதற்கு மேல் வேலை செய்யவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க்கின் முனையில் ஒரு நட்டு இருந்தது. அது மட்டும் அசையவில்லை. ஸ்பேனரில் நீளமான இரும்புக் குழாயைச் சொருகி, இரண்டு கிழவர்களும் வௌவால் மாதிரி தொங்கினோம். கடைசியில் அது விட்டுக்கொடுத்தபோது எழுந்த அதிர்வில், எதிர்வீட்டில் பல வருஷமாக நின்றுபோயிருந்த சுவர்க்கடிகாரம் ஓட ஆரம்பித்தது. இன்றுவரை சரியான மணி காட்டுகிறது. மச்சான் தரையில் உட்கார்ந்திருந்தார். நான் அவர் மடியில் உட்கார்ந்திருந்தேன்.

மேல் மூடியான ஹெட்டைத் தூக்கி வைத்த அன்று நான் வாயடைத்துப் போனேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய செய்தி என்று புரியும். கரும்பலகையில் எத்தனையோ எரிமலைகளை வெட்டுமுகமாக வரைந்தவன் நான். ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை. இதோ நான்கு, என் கை நுழையும் அளவில், வரிசையாக. சுவரெல்லாம் கரி படிந்து, அடியில் சாம்பல் நிறத்தில் பிஸ்டன் உறைந்து கிடந்தது. நெருப்பைப் பிடித்து இரும்புக் குவளைக்குள் அடைத்து, "ஒருத்தன் பின்னால ஒருத்தன் வா, முந்தாதே" என்று ஒரு மனிதன் வரிசையில் நிற்கவைத்திருக்கிறான். நாற்பது பிள்ளைகளை என்னால் அப்படி நிற்கவைக்க முடிந்ததில்லை.

கிராங்க் ஷாஃப்ட்டை வெளியே எடுத்தபோது என் மனைவியைக் கூப்பிட்டோம். மேலும் கீழும் குதிக்கிற நான்கு பிஸ்டனின் கோபத்தையும் வாங்கி, ஒரே சுழற்சியாக மாற்றிச் சக்கரத்துக்கு அனுப்புகிற தண்டு அது. அழுக்கைத் துடைத்ததும் உள்ளே பாதரசம் மாதிரி மின்னியது. அவள் கண்ணால் பார்ப்பதற்கு முன் விரலால் பார்த்தாள். ஒரு சிறிய துளையில் விரல் நின்றது.

"இது என்ன?"

"எண்ணெய் போற வழி" என்றார் மச்சான். "தண்டுக்கு உள்ளேயே குடைஞ்சிருக்காங்க. ஒவ்வொரு மூட்டுக்கும் போகுது."

"ரத்தக்குழாய்" என்றாள் அவள். அப்புறம் மூன்று பேரும் ஏதோ கோயிலில் நிற்பதுபோல் கைகட்டி நின்றோம்.

அமைதி நீடிக்கவில்லை. அந்தத் தண்டைத் தாங்குவது மூன்று பேரிங். முன்னது என்னுடையது, பின்னது அவருடையது. நடுவில் இருப்பது சாக்குக்கட்டிக் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தது.

"அது பின்பக்கம்தான் சாஞ்சிருக்கு, மாப்ள."

"உங்க கண்ணாடியைத் துடைச்சிட்டுப் பாருங்க, மச்சான்."

"நடு பேரிங் என்னோடது" என்றாள் என் மனைவி. "யாராவது தொட்டீங்க, ரெண்டு பேரையும் தூங்க வெச்சிடுவேன்."

தொழில் தெரிந்தவள் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

எஞ்சின் பிளாக்கைக் கடைசல் பட்டறைக்குக் கொண்டுபோனோம். பட்டறைக்காரரை எல்லோரும் 'மைக்ரான்' என்றுதான் கூப்பிடுவார்கள். மயிரிழையை நீளவாக்கில் எழுபதாகக் கிழித்தால் ஒரு கீற்று வருமே, அதுதான் அவர் கணக்கில் பெரிய அளவு. எங்களை வாசலிலேயே நிறுத்தினார்.

"பிளாக் பக்கத்துல பேசாதீங்க சார். மூச்சுச் சூட்டுல விரிஞ்சிடும்."

"என் ரெண்டு சிலிண்டரை மட்டும் முதல்ல கடைஞ்சுடுங்க" என்றார் மச்சான், பட்டும் படாமலும்.

"இது வீடா, போர்ஷன் பிரிச்சு வாடகைக்கு விட?" என்றார் மைக்ரான். "நாலும் ஒரே அளவுதான் வரும். ஒருத்தருக்கு வேணாம்னா அவர் கண்ணை மூடிக்கட்டும்."

அவர் கடைந்து கொடுத்த சிலிண்டருக்குள் எட்டிப் பார்த்தேன். குறுக்கும் நெடுக்குமாக மிக மெல்லிய கீறல்கள், நிலாவின் மேல் துணி நெய்ததுபோல. எண்ணெய் தங்குவதற்காக அப்படிச் செய்வதாம். புதுப் பிஸ்டனை வளையம் இல்லாமல் உள்ளே விட்டுக் காட்டினார். அது விழவில்லை. யோசித்து யோசித்து இறங்கியது. தனக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த காற்றிடம் அனுமதி கேட்டுக்கொண்டு இறங்குவதுபோல் இருந்தது. மச்சான் என் கையைப் பிடித்துக்கொண்டார். பட்டறையை விட்டு வந்த பிறகுதான் இருவரும் மூச்சு விட்டோம். பிளாக்குக்காக.

திரும்பச் சேர்க்கும் வேலையை அவரவர் எல்லைக்குள் செய்தோம். என் போல்ட்டை நான் முறுக்கினேன், அவருடையதை அவர். நடு பேரிங்கை அவள் முறுக்கினாள். எல்லாம் முடிந்து கிராங்க்கைக் கையால் சுற்றியபோது, நான்கு பிஸ்டனும் வெண்ணெயில் கத்தி போவதுபோல் ஏறி இறங்கின. சுற்றவைத்துவிட்டேன். ஆயுளில் முதல் முறையாக.

அடுத்து கார்புரேட்டர். அவை இரண்டும் ஒரே அளவு காற்றை உறிஞ்ச வேண்டும். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ரப்பர்க் குழாயின் ஒரு முனையைக் கார்புரேட்டர் வாயிலும், மறு முனையைக் காதிலும் வைத்தால் 'உஸ்ஸ்' என்று கேட்கும். அந்த 'உஸ்' இரண்டிலும் ஒன்றாக வரும்வரை ஸ்க்ரூவைத் திருப்ப வேண்டும். ஒரே ஆள் இரண்டையும் கேட்பதுதான் உலக வழக்கம். நாங்கள் ஆளுக்கொரு குழாய் வெட்டிக்கொண்டோம். என் இடது காதைப் பள்ளிக்கூட மணிக்குக் கொடுத்துவிட்டேன். வகுப்பின் இடப்பக்கம்தான் அது தொங்கியது. மச்சான் வலது காதைக் கண்ணாடி தேய்க்கும் இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டார். ஆக இரண்டு பேருக்கும் சேர்த்து இரண்டு காது, சரியாகத்தான் இருந்தது என்று நினைத்தோம்.

எஞ்சின் முதல் முறை உயிர்பெற்றபோது ஷெட் நீலப் புகையால் நிறைந்தது. ஆனால் அது ஓட்டம் இல்லை, நொண்டல். முன் இரண்டும் அவசரமாகக் கிளம்ப, பின் இரண்டும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தன. ஆக்சிலரேட்டரைத் தொட்டால் இருமி நின்றது.

"உங்க பக்கம்தான் அதிகமா இழுக்குது, மாப்ள."

"உங்க பக்கம் தூங்குது, மச்சான். என்னோடது சரியா 'உஸ்'ஸுங்குது."

"என்னோடதும் 'உஸ்'ஸுங்குது!"

அவர் ஒரு சுற்றுத் திருப்பினால் நான் ஒன்றரைச் சுற்றுத் திருப்பினேன். நாட்கள் இப்படியே போயின. என் மனைவி எட்டிப் பார்த்தால், "உன் வேலை ஓட்டறது, இது எங்க வேலை" என்று இருவரும் ஒரே குரலில் அனுப்பிவைத்தோம். நாங்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அது. பிறந்தநாளும் விடிந்தது. வண்டி நொண்டிக்கொண்டுதான் இருந்தது. மச்சான் ரப்பர்க் குழாயைக் கழுத்தில் போட்டுக்கொண்டு டயரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"கண்ணைத்தான் காப்பாத்த முடியல" என்றார். "இதையும் விட்டுட்டேன், மாப்ள."

நானும் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

அப்போது அவள் வந்தாள். வெளியே போகும் உடை, தலையில் ஸ்கார்ஃப். கையில் அவளுடைய பழைய ஸ்டெதாஸ்கோப், ஒரு கத்தரிக்கோல்.

"ரெண்டு பேர் குழாயையும் கொடுங்க."

கொடுத்தோம். ஸ்டெதாஸ்கோப்பின் அடிப்பகுதியை வெட்டி எறிந்தாள். காதில் மாட்டும் இரண்டு கம்பிகளில் ஒன்றில் என் குழாயையும், மற்றதில் அண்ணன் குழாயையும் சொருகினாள். என் குழாயின் முனையை முன் கார்புரேட்டரில் வைத்தாள், அவருடையதைப் பின் கார்புரேட்டரில். ஆக இடது காதில் என் பங்கு, வலது காதில் அண்ணன் பங்கு. எஞ்சினைக் கிளப்பச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அவள் முகம் மாறியது. அந்த முகத்தை நான் வீட்டில் பார்த்ததே இல்லை. ஆஸ்பத்திரியில், மேசையில் படுத்திருப்பவரின் தலைமாட்டில் உட்கார்ந்து, வெட்டுகிறவர்களைப் பார்க்காமல் மூச்சை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தவளின் முகம் அது.

"என்னங்க, உங்காளுக்கு மூச்சு வாங்குது. குறைங்க."

குறைத்தேன்.

"இன்னும். ரோஷம் பார்க்காதீங்க."

இன்னும் குறைத்தேன்.

"அண்ணா, உன்னோடது பயந்துபோய் மூச்சைப் பிடிச்சுக்கிட்டிருக்கு. விடு. மெதுவா... முடி அளவுக்கு... அவ்வளவு இல்லண்ணா, திரும்பு."

இரண்டு கிழவர்களும் எதிரும் புதிருமாகக் குனிந்து, தலையோடு தலை முட்டிக்கொண்டு, அவள் சொல்லச் சொல்ல ஸ்க்ரூ திருப்பினோம். சாக்குக்கட்டிக் கோடு எப்போது அழிந்தது என்று தெரியாது. என் முழங்கை அழித்திருக்கலாம். அவர் முழங்கை என்று அவர் சொல்கிறார்.

"நிறுத்துங்க" என்றாள் திடீரென்று. விரலால் நெற்றியின் நடுவைத் தொட்டுக் காட்டினாள். "இந்தக் காதுலயும் இல்ல, அந்தக் காதுலயும் இல்ல. சத்தம் இங்க வந்து சேர்ந்துடுச்சு."

இரண்டு பக்கமும் துல்லியமாக ஒத்துப்போனால்தான் சத்தம் தலைக்கு நடுவில் கேட்கும். ஒற்றைக் காதுக்காரர்களான எங்களுக்கு அந்த இடம் ஆயுளுக்கும் அகப்பட்டிருக்காது.

எஞ்சினைக் கேட்டேன். சத்தம் குறையவில்லை, சண்டைதான் நின்றிருந்தது. நான்கு நெருப்பும் ஒன்றுக்கொன்று வழிவிட்டு, கையிலிருந்து கைக்குக் குடத்தை மாற்றுவதுபோல் வேலையை மாற்றிக்கொண்டன. மட்கார்டின் மேல் நான் வைத்த டீ டம்ளரில் டீ அசையவில்லை. ஜன்னல் மூலையிலிருந்து சிலந்தி இறங்கி வந்தது. ஓடுகிற எஞ்சினின் மேல் நடந்து, ஒரு கார்புரேட்டருக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் நூல் கட்டியது. நூல் அறுபடவில்லை. நம்பாதவர்கள் வந்து சிலந்தியிடமே கேட்கலாம். ஆனால் அது அந்நியர்களிடம் பேசாது.

மச்சான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"ஏறுங்க" என்றாள் அவள்.

இரண்டு சீட், மூன்று பேர். மச்சானுக்குப் பாதி உரிமை என்பதால் பக்கத்து சீட்டு அவருக்கு. நான் பின்னால் மடித்துவைத்த துணிக்கூரையின் மேல், முழங்காலைக் காதோடு கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். வெயில் தெளிவாக இருந்தது. தெரு அவள் பிறந்ததிலிருந்து போய்வந்த தெரு. மெதுவாகத்தான் ஓட்டினாள். எஞ்சினின் குரல் எங்கே கனக்கிறதோ அங்கே கை தானாகக் கியரைத் தேடிப்போனது. வளைவில் சத்தம் சுவரில் பட்டுத் திரும்ப, "கேட்டியா அண்ணா, அப்பா மாதிரியே தொண்டையைக் கனைக்குது" என்றாள். மச்சான் தலையை மட்டும் ஆட்டினார்.

தண்ணீர்த்தொட்டி மேடு செங்குத்தானது. புது வண்டிகளே அங்கே முனகும். இது முனகவில்லை. உச்சியில் போய் நின்ற பிறகு திரும்பிப் பார்த்தேன். எங்கள் நிழல் அப்போதுதான் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தது.

கீழே ஊர் முழுவதும் தெரிந்தது, கூரைகளும் ரயில் பாதையும் பாலமும். அவளுக்கு அதெல்லாம் கலங்கிய நிறங்களாகத்தான் தெரிந்திருக்கும். அவள் அந்தப் பக்கம் பார்க்கவும் இல்லை. ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்து, எஞ்சினின் அதிர்வு எலும்பு வரை ஏற, அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"ஆஃப் பண்ணிடட்டுமா, பாப்பா? சூடாகப் போகுது."

"வேணாம்ணா."

அவள் தலை பின்னால் சாய்ந்திருக்க, உதடு லேசாக அசைந்தது. மூச்சை எண்ணுகிறாள் என்று எனக்குத் தெரியும். வெயில் சாயும்வரை எண்ணினாள்.

வெளிச்சம் இருக்கும்போதே திரும்பினோம். வாசலுக்குள் நுழைந்து ஷெட்டை நெருங்கும்போது, எஞ்சின் ஒரு முறை விக்கியது, இரண்டு முறை விக்கியது, பிறகு அமைதியாகிவிட்டது. மச்சான் துள்ளிக் குதித்து இறங்கினார்.

"என் பக்கம் இல்ல!" என்றேன் நான்.

"பெட்ரோல் தீர்ந்துடுச்சு" என்றாள் அவள். "மேட்டுலயே தெரியும். சத்தம் மெலிஞ்சுக்கிட்டே வந்துச்சு."

வண்டிக்கடியில் 'டப்' என்றது. குனிந்து பார்த்த மச்சான் தலையில் கை வைத்தார். எண்ணெய் கசியாமல் அடைக்கும் ரப்பர் சீல் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டிருந்தார் பாவம். தரையில் வட்டமாக ஒரு சொட்டு எண்ணெய்.

"ஒழுகுது, பாப்பா."

அவள் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டுக் கடிகாரம் ஒரு நொடி தயங்கியது. "அப்படின்னா நம்ம வண்டிதான். வேற எதையாவது மாட்டிட்டீங்களோன்னு பயந்துட்டேன்."

"சரி இறங்கும்மா" என்றேன். "உள்ள தள்ளிடறோம்."

"மாட்டேன். இன்னும் பிறந்தநாள் முடியல. தள்ளுங்க, நான் ஓட்டறேன்."

"நாளைக்கு?" என்றார் மச்சான் மெதுவாக. கேட்கக் கூடாது என்றிருந்தவர்போல் கேட்டார்.

"நாளைக்கு என்ன? ஓட்டறதுக்குத்தானே லைசென்ஸ் வேணும், எழுப்பறதுக்கு வேணாமே. காலையில பெட்ரோலோட வாங்க. யாராவது ஒருத்தர் ஓட்டுங்க. கியர் எப்ப மாத்தணும்னு நான் சொல்றேன்."

"யார் ஓட்டறது?" என்று கேட்டோம், நானும் மச்சானும், ஒன்றாக.

அவள் ஓடாத எஞ்சினுக்குக் கியரைச் சரிபார்த்து, ஸ்கார்ஃபை இறுக்கிக்கொண்டு, நேராகப் பார்த்து உட்கார்ந்தாள். மச்சான் பின்னால் போய்த் தள்ளினார், அவர் பாதியை. நான் முன்னால் வந்து இழுத்தேன், என் பாதியை. முழு வண்டியும் நகர்ந்தது.